நாற்பத்தோராம் நாள் சூப்

குக்கரில் தண்ணீர் ஊற்றினோமா என்று மங்கையர்க்கரசிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூடி போட்டாயிற்று, வெயிட்டும் வைத்தாயிற்று, அடுப்பும் எரிகிறது. ஊற்றியிருப்போம், ஊற்றாமலா இருப்போம், நாற்பது நாளாக இதே குக்கர், இதே சொம்பு. கை தன்பாட்டுக்குச் செய்கிற காரியத்தில் புத்தி போய் மூக்கை நுழைத்தால் இப்படித்தான். அடுப்பை அணைத்து மூடியைத் திறந்தாள். ஊற்றித்தான் இருந்தாள். பரங்கிக்காய்த் துண்டுகள் தோலோடு மிதந்தன, அடியில் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, நாலு சின்ன வெங்காயம், ரெண்டு பல் பூண்டு. தோலோடா? தோலைச் சீவவில்லை. சரி, வெந்தபிறகு எப்படியும் அரைத்து வடிகட்டத்தானே போகிறோம் என்று மறுபடி மூடி அடுப்பைப் பற்றவைத்தாள். மணி ஆறு நாற்பத்தைந்து. ஏழரைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும், நாளைக்கா, இல்லை அடுத்த வியாழக்கிழமையா என்று. காலையில் பத்திர ஆபீசில் ஒரு கிரயப் பத்திரத்தின் நாலாவது பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தபோது அந்த நர்ஸ் பெண் கூப்பிட்டாள். "மேடம், உங்க சாருக்குத் தாடைக் கம்பி கழட்டணும்ல, டாக்டர் நாளைக்கு இருக்காரு, அதுக்கப்புறம் வெளியூர் போறாரு, அடுத்த வியாழன்தான் வருவாரு. உங்களுக்கு எது வசதி?" வசதி. பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யார் கேட்டிருக்கிறார்கள்? வீட்டில் கேட்டுட்டுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் ஏழரைக்குள்ள சொல்லிடுங்க மேடம், அதுக்கு மேல ஓ.பி.யில் ஆள் இருக்க மாட்டாங்க. வீட்டில் கேட்க வேண்டிய ஆள் இதோ கூடத்தில், மின்விசிறிக்கு நேர்கீழே, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அவள் வந்து செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, பரங்கிக்காயை வெட்டி முடித்துவிட்டாள். இன்னும் கேட்கவில்லை.

கேட்டால் நாளைக்கே என்றுதான் சொல்வார். யார்தான் சொல்ல மாட்டார்கள். பல்லோடு பல்லைக் கம்பி போட்டுக் கட்டி, நாற்பது நாளாக ஒரு பருக்கை சோறு இல்லாமல், கன்னத்து ஓரமாக ஒரு ஸ்ட்ராவைச் செருகி உறிஞ்சிக்கொண்டு. எட்டு கிலோ இறங்கிவிட்டார். பேன்ட் நிற்கவில்லை. பாவமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது. அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் திருஞானம் என்றால் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது, எல்லாம் அந்தக் குரலால்தான். மைக் வேண்டாம். மைதானத்தின் அந்தக் கோடியில் வரிசை கோணலாக நின்றால் இந்தக் கோடியிலிருந்து நிமிர்த்திவிடுகிற குரல். அந்தக் குரலை அவர் பள்ளிக்கூடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வண்டியிலேயே வைத்துக் கொண்டுவந்துவிடுவார். அந்த வண்டிதான் ஒருநாள் காலையில் புதிதாகப் போட்ட வேகத்தடையில் ஏறித் தூக்கிப் போட்டது. தலைக்கு ஒன்றும் இல்லை, கைகாலில் சிராய்ப்புகூட இல்லை, மோவாய் மட்டும் நேராகப் போய்க் கல்லில் மோதியிருக்கிறது, ரெண்டு இடத்தில் விரிசல். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று சாயங்காலமே பல்லிடுக்கு வழியாகத் திட்டிப் பார்த்தார். ஏதோ அலமாரிக் கதவு திறந்து கிடந்ததற்காக. ம்ம்ழ், ஹ்ழ் என்று வந்தது. மதிவதனி சிரித்துவிட்டாள். பதினைந்து வயதுப் பெண், வேண்டுமென்று சிரிக்கவில்லை, தும்மல் மாதிரி வந்துவிட்டது, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மகளைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அதிலிருந்து பேசுவதில்லை. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, மெதுவாகப் பேசலாம் என்றுதான் சொன்னார். மெதுவாகப் பேச அவருக்குப் பழக்கம் இல்லை. பழைய வருகைப் பதிவேடு ஒன்றின் பின்பக்கங்களில் எழுதிக் காட்டுகிறார். தண்ணீர். மாத்திரை. விசிறியைக் குறை. எழுத்து மட்டும் எப்போதும் போல, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது மாதிரி குண்டு குண்டாக, அழகாக.

விசில் வந்தது, ஒன்று. உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது. விசில் சத்தத்துக்குத் தூக்கிப் போடுவதை நிறுத்த வேண்டும். மூன்று விசில் வந்ததும் குழாயடியில் காட்டி ஆவியை இறக்கி, மிக்சியில் ஒரு சுற்று, வடிகட்டி, கொதி வந்ததும் மிளகுத்தூள், சீரகத்தூள், ஒரு ஸ்பூன் நெய். இருபது நிமிஷம். இதைப் படிக்க நாற்பத்து மூன்று வயசு ஆகியிருக்கிறது. முதல் வாரம் டாக்டர் கொடுத்த சீட்டைக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டிவைத்துத் திணறினாள், புரதம் இருக்கணும், திப்பி இருக்கக் கூடாது, காரம் கூடாது. திங்கட்கிழமை பருப்புத் தண்ணி, செவ்வாய் கேரட், புதன் முருங்கைக்கீரை, அது நார் வந்து ஸ்ட்ராவில் அடைத்து அவர் முகம் சிவந்தது. ரெண்டாவது வாரம் ஒருநாள் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போனவள் மதிவதனியிடம், "நாமளும் இதையே குடிச்சா என்ன?" என்று கேட்டாள். கேட்டபிறகு அவளுக்கே திக்கென்றது, யாரோ அவள் வாயால் பேசிவிட்ட மாதிரி. "குடிக்கலாமே" என்றாள் மகள். அவ்வளவுதான். ரெண்டு ரொட்டித் துண்டை வாட்டிப் பக்கத்தில் வைத்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்றால் சூடாக ஒரு பலகாரம், ரெண்டு சட்னி, ஒரு சாம்பார், அதுவும் அவர் உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாகச் சுட்டுத் தட்டில் விழ வேண்டும். விழுந்த பிறகு அந்த ஒரு நொடி. அவர் பிட்டு வாயில் வைத்து மெல்லுவதற்கும் முகம் நிமிர்வதற்கும் நடுவில் இருக்கிற ஒரு நொடி. அதில் அவள் மூச்சு விட்டதே இல்லை. மனுஷன் திம்பானா இதை. உங்க வீட்டுல இப்படித்தான் ஆக்குவாங்களா. ஒரு தீபாவளிக்கு மறுநாள், அவள் தங்கை வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தட்டைத் தள்ளினார். அடிக்கவில்லை, வீசவில்லை, தள்ளினார், அது மேசை முழுக்க வழுக்கிக்கொண்டு போய் விளிம்பில் நின்றது. விழுந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், எல்லோரும் எழுந்து பொறுக்கியிருப்பார்கள், பேச்சு மாறியிருக்கும். விழாமல் நின்றதால் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெண்டு. இந்த நாற்பது நாளில் தினமும் ஒரு மணி நேரம் மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை, திருடிய பொருளை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றினாள், துவைத்த துணியை மறுபடி மடித்தாள். பிறகு மொட்டைமாடிக்குப் போனாள். ஒன்றும் செய்வதில்லை. சும்மா தண்ணீர்த் தொட்டி ஓரமாக நிற்பாள். ஒருநாள் மதிவதனியும் வந்து நின்றாள், பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாள், இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தப் பெண்ணுக்கு இப்படி நடித்துக்காட்ட வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினைந்து வருஷமாக எங்கே வைத்திருந்தது இந்தக் குழந்தை இதையெல்லாம்? போன வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது, அப்பா உள்ளே படுத்திருக்கிறார் என்ற தைரியத்தில், "அப்பா இப்படியே இருந்தா நல்லா இருக்கும்லம்மா" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இவள் பாய்ந்துவிட்டாள். என்ன பேச்சு பேசற நீ, பெத்த அப்பாவைப் பத்தி, அறிவிருக்கா உனக்கு. கை ஓங்கக்கூட ஓங்கினாள். மகள் போய்ப் படுத்துவிட்டாள். அன்றைக்கு அடித்திருந்தால் யாரை அடித்திருப்பாள்? தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்ததை அது வாயால் சொன்னதற்கல்லவா கை ஓங்கியது. இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கும். ரெண்டாம் நாள் காலை மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாந்தி வந்தால் கம்பியை வெட்டிவிடணும், இல்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கட்டர் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் பயம். அவளைப் பார்த்து, அவள் கையைப் பார்த்து, பயம். குமட்டல் தானாக அடங்கிவிட்டது, வெட்டத் தேவைப்படவில்லை, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொடுக்கும்போது உள்ளே ஒரு மூலையில், ஆங், பயம்னா இப்படித்தான் இருக்கும், என்று ஒன்று சொன்னது. அது என்ன ஜென்மம்? அவளுக்குள் அப்படி ஒன்று குடியிருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது.

மூன்று. அணைத்தாள். குழாய்த் தண்ணீர் மூடிமேல் விழுந்து சீறியது. எட்டே எட்டு நாள். நாளைக்கு முடியாதுங்க, ஆபீசில் முகூர்த்த நாள், பதிவு நிறைய இருக்கு, லீவு கிடைக்காது என்றால் முடிந்தது. பொய்கூட இல்லை, நாளைக்கு முகூர்த்தம்தான். டாக்டர் எட்டு நாள் தள்ளிக் கழற்றினால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று நர்ஸே சொன்னாள், எலும்பு இன்னும் நல்லாப் பிடிச்சுக்கும் மேடம் என்றாள். அப்புறம் என்ன? அவருக்கு நல்லதற்காகத்தானே. நாள் முழுக்கப் பத்திரங்களில் அடிக்கிறாள், சுயநினைவுடனும் முழு மனதுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் என்று. எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பாள், முழு மனது என்று ஒன்று எந்த மனுஷனுக்கு இருக்கிறது? இவள் மனது நாலு துண்டாகக் குக்கரில் வெந்துகொண்டிருக்கிறது. எட்டு நாள் கழித்து மட்டும் என்ன வரப்போகிறது? அன்றைக்கும் ஒரு புதன்கிழமை வரும், நாளைக்கு என்று இருக்கும். கம்பி அவிழ்ந்த அன்று இருக்கிற ஆள் யார் என்பதுதானே கேள்வி. மூன்றாவது வாரம் பதிவேட்டில் எழுதினார், 'நல்லாயிருக்கு' என்று. தக்காளி சூப்புக்கு. பத்தொன்பது வருஷத்தில் முதல்தடவை. அவர் எழுந்து போனபிறகு அவள் அந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா இருந்ததால் எழுதினாரா, வேறு வழியில்லாததால் எழுதினாரா? பசிக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஆனால் எழுதாமலும் இருந்திருக்கலாமே, பென்சிலை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, அத்தனை குண்டு எழுத்தில். தன் டம்ளரைத் தானே கழுவி வைக்கிறார். மதிவதனி பேசும்போது தலையைத் திருப்பிக் கேட்கிறார். மனுஷன் மாறியிருக்கிறாரா, கம்பி கட்டியிருக்கிறதா? கட்டியிருக்கிற வரைக்கும் எப்படித் தெரியும். தெரியாமலே இருந்துவிட்டால் என்ன. தெரியாமல் இருக்கிற எட்டு நாள், அதற்கு என்ன குறைச்சல்.

மிக்சி ஓடி நின்றது. வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்தாள், தோல் மட்டும் மேலே நின்றது, கீழே மஞ்சளாக, வழவழப்பாக இறங்கியது. அழகாகத்தான் இருந்தது. கொதி வந்ததும் சீரகத்தூள், மிளகுத்தூள் கொஞ்சமே கொஞ்சம், நெய். மணி ஏழு ஐந்து. அவருக்கு உயரமான கண்ணாடி டம்ளரில், தனக்கும் மகளுக்கும் கிண்ணத்தில். மகள் டியூஷனிலிருந்து வர நேரமாகிவிட்டது, இன்னும் காணோம். டம்ளரை மேசைமேல் வைத்து ஸ்ட்ராவைப் போட்டாள். திருஞானம் வந்து உட்கார்ந்தார். ஸ்ட்ராவைக் கன்னத்துப் பக்கம் செருகினார். உறிஞ்சும் சத்தம். வியாழக்கிழமை என்று சொல்லிவிடலாம். அவரிடம் சொல்லக்கூட வேண்டாம், டாக்டர் ஊரில் இல்லையாம் என்றால் போதும், அவரால் போன் போட்டுக் கேட்க முடியாது. எவ்வளவு சுலபம். அவரால் கேட்க முடியாது. அந்த இடத்தில்தான் அவளுக்கு இடறியது. முடியாத ஆளிடம் செய்கிற சாமர்த்தியம். அவளால் முடியாதபோது அவர் செய்ததெல்லாம் வேறு என்ன?

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"கம்பி கழட்டணும்ல. நாளைக்கு வரச் சொல்றாங்க. இல்லாட்டி அடுத்த வியாழக்கிழமை. நான் வியாழக்கிழமைன்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

புருவம் சுருங்கியது. பல்லிடுக்கில், "ஏழ்ன்?" என்று வந்தது. அவள் பதில் சொல்வதற்குள் உள்ளங்கையால் மேசையில் ஒரு அடி. கிண்ணம் துள்ளிச் சூப் கொஞ்சம் சிந்தியது. அவளுக்குப் பழைய மாதிரியே ஓடிப்போய் ஒரு துணி எடுத்துவந்து துடைக்க வேண்டும் என்று கால் எழுந்துவிட்டது. எழுந்த காலோடு நின்றாள்.

"இதுக்குத்தான்" என்றாள்.

குரல் தன்னுடையது மாதிரி இல்லை, எங்கோ அடுத்த வீட்டில் யாரோ பேசுவது மாதிரி இருந்தது, அதனாலேயே மேலே பேச முடிந்தது. "இதுக்குப் பயந்துக்கிட்டுத்தான். நாற்பது நாளா இந்த வீட்டுல சத்தம் இல்லைங்க. சாப்பாடு தொண்டையில இறங்குது எனக்கு. நீங்க ஒரு வாய் வெச்சுட்டு என்ன சொல்லப் போறீங்கன்னு மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நின்ன ஆளு நான். பத்தொம்பது வருஷமா நான் என்ன சாப்பிட்டேன்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு அடிபட்டப்ப நான் அழுதேன், நெசமாத்தான் அழுதேன். ஆனா நீங்க பேசாம இருக்கறது நல்லா இருக்கு. உங்க பொண்ணு சிரிக்குது. பார்த்தீங்கள்ல? இப்படியே இருந்தா நல்லதுன்னு நான் நினைச்சிருக்கேன். புருஷன் வாயைக் கட்டிப் போட்டு வெச்சாத்தான் நல்லா இருக்குன்னு ஒருத்தி நினைக்கறான்னா அவ எப்பேர்ப்பட்டவளா இருப்பான்னு நீங்களே யோசிச்சுக்கங்க. இல்ல, அவளுக்கு என்ன ஆச்சுன்னு யோசிங்க."

வாசலில் சைக்கிள் நிறுத்துகிற சத்தம் எப்போது கேட்டது என்று தெரியவில்லை. மதிவதனி புத்தகப் பையோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள், இன்னொன்று காலிலேயே இருந்தது. பிள்ளை முன்னால் பேசக் கூடாது என்று இத்தனை வருஷம் விழுங்கியது நினைவுக்கு வந்தது. விழுங்கியதெல்லாம் பிள்ளைக்குத் தெரியாமலா இருந்தது? அவர் மகளைப் பார்த்தார். அவர் கை பதிவேட்டை இழுத்தது, பென்சிலை எடுத்தது. எழுதப் போகிறார். எழுதட்டும். பென்சில் முனை தாளைத் தொட்டது, அங்கேயே நின்றது. ஒரு எழுத்துக்கான புள்ளி மட்டும் விழுந்தது. மின்விசிறி அந்தத் தாளின் மூலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கடைசியில் பென்சிலைக் கீழே வைத்தார். சிந்தியிருந்த சூப்பைத் தன் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார், சரியாகத் துடைக்கத் தெரியவில்லை, மஞ்சள் மேசை முழுக்க இழுபட்டது. அவள் உதவிக்குப் போகவில்லை. போகாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது, கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

இதற்கு என்ன அர்த்தம்? துடைத்தால் ஆயிற்றா? நாளைக்கு வாய் திறந்ததும், அன்னைக்கு எனக்கே பாடம் எடுத்தியேன்னு ஆரம்பித்தால்? ஆரம்பித்தால் இவளும் ஆரம்பிப்பாள். சொல்ல முடியாது என்றிருந்தது சொல்லியாயிற்று, கூரை இடிந்து விழவில்லை. எட்டு நாள் இனி எதற்கு? பயம் போய்விட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தாள், போகவில்லை, அங்கேயே இருந்தது. ஆனால் ஒரு கம்பியை நம்பிக்கொண்டு எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது. போனை எடுத்தாள். ஏழு இருபத்திரண்டு. மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ சிஸ்டர், திருஞானம் வீட்டுலேர்ந்து பேசறேன். ஆமா, தாடை. நாளைக்கே வர்றோம். பத்தரையா? சரி. வந்துடறோம்."

வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டின உடனே எதையும் கடிக்க முடியாதாம், ரெண்டு வாரம் ஆகுமாம்" என்றாள். "அதுக்கப்புறமும் வார நாள்ல ராத்திரிக்கு இந்த வீட்டுல சூப்தான். எனக்கு இருபது நிமிஷம்தான் ஆகுது. தோசை வேணும்னா மாவு இருக்கும், நீங்க ஊத்திக்கலாம்."

மதிவதனி மெதுவாக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தினாள். ஒரு வாய் குடித்தாள். "உப்பே இல்லம்மா."

மங்கையர்க்கரசியும் குடித்துப் பார்த்தாள். போடவே இல்லை. பரங்கிக்காயின் வெறும் இனிப்பு நாக்கில் படர்ந்தது. அந்த ஆள் பாதி டம்ளரை உப்பில்லாமலே குடித்திருக்கிறார், ஒன்றும் எழுதவில்லை. முடியாமலா, சொல்ல வேண்டாம் என்றா? மறுபடியும் அந்தச் சுற்றுக்குள் புத்தி நுழையப் பார்த்தது. விடு. எழுந்து உப்பு ஜாடியை எடுத்துவந்து நடுவில் வைத்தாள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

"நாளைக்குக் காலையில கிளம்பணுமாம்மா?" என்று கேட்டாள் மகள், அப்பா பக்கம் பார்க்காமல்.

"எட்டு மணி பஸ்ஸு. நீயும் வா. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிக்கலாம்."

"நான் எதுக்கும்மா?"

"வாயைத் திறந்ததும் அப்பா முதல்ல என்ன பேசறாருன்னு ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்டுக்கலாம்" என்றாள் மங்கையர்க்கரசி. அவருக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

திருஞானத்தின் காது மடல்கள் சிவந்தன. அவர் உப்பு ஜாடியைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து டம்ளரில் போட்டு, ஸ்ட்ராவாலேயே சுற்றிச் சுற்றிக் கலக்கினார். உப்பு எப்போதோ கரைந்துவிட்டிருக்கும், அவர் கலக்குவதை நிறுத்தவில்லை.